‘ரெண்டு இன்ச் தண்ணி’ என்பது எவ்வளவு? ஆழ்துளைக் கிணற்றுச் சீட்டை வாசிக்கும் முறை

கேள்வி: ஐயா, காரிமங்கலம் வட்டத்தில் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. கார்த்திகை மாதம், மழை விட்ட கையோடு, புதிதாக ஒரு போர் போட்டோம். போர் வண்டிக்காரர் ரசீதின் பின்புறம் இப்படி எழுதிக் கொடுத்தார்: “6½. கேசிங் 58. 0–12 மண். 12–50 முரம்பு. 50 பாறை. 185 ஈரம். 310 கேப் ½. 545 கேப் 1½. 720 முடிவு. தண்ணி 2 இன்ச். ஃப்ளஷிங் 1 மணி.” வி வடிவில் வெட்டிய தகரத்தை வாய்க்காலில் வைத்து அவர் அளந்ததை நானே பார்த்தேன். இரண்டு இன்ச் என்ற கணக்கைக் காட்டித்தான் மோட்டார் வாங்கினோம். போரில் 150 அடியில் தண்ணீர் நிற்கிறது என்று சொல்லி, மோட்டாரை 600 அடியில் இறக்கினார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி பத்து நிமிடத்தில் நிரம்புகிறது. ஆனால் நான்கு தொட்டி நிரம்பியதும் தண்ணீர் அறுந்து காற்றுதான் வருகிறது. இரண்டு மணி நேரம் விட்டுப் போட்டால் மறுபடியும் நான்கு தொட்டி, அதே கதை. நாங்கள் ஏமாற்றப்பட்டோமா? பாறை 50 அடியிலேயே வந்துவிட்டபோது கேசிங்குக்கு 58 அடி கணக்குப் போட்டது சரியா? நிலத்தடி நீர் பார்த்தவர் 90–100, 160–170 என்று எழுதிக் கொடுத்திருந்தார். அந்த ஆழங்களில் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆயிரம் அடி வரை ஆழப்படுத்தச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். இன்னொன்று: 545 அடியில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, இருநூறு அடி தள்ளியிருக்கும் பக்கத்துத் தோட்டத்துப் பழைய போரிலிருந்து காற்று புஸ்ஸென்று சீறிக் கலங்கல் தண்ணீர் தெறித்தது. வண்டியை நிறுத்தியதும் அதுவும் அடங்கியது. கீழே கேஸ் இருக்கிறது என்கிறார்கள். இருந்தால் அது யாருக்குச் சொந்தம்?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அன்புள்ள அம்மா, ரசீதின் பின்புறத்தை ஓர் எழுத்தும் விடாமல் நகலெடுத்து அனுப்பியதற்கு முதலில் நன்றி. என்னிடம் வரும் விவசாயிகளில் பெரும்பாலோர் வண்டி கிளம்பிய அன்றே அந்தச் சீட்டைத் தொலைத்துவிட்டு, ஓர் ஆண்டு கழித்து “எத்தனை அடியில் கேப் வந்தது?” என்று நான் கேட்கும்போது வீட்டில் ஆளுக்கொரு எண்ணைச் சொல்வார்கள். உங்கள் சீட்டு சுருக்கமானதுதான் என்றாலும், கடிதத்தில் நீங்கள் எழுதியுள்ள நான்கு தொட்டிக் கணக்கையும் சேர்த்துப் படித்தால், உங்கள் கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை ஏறக்குறைய அதிலேயே இருக்கிறது. யாரும் உங்களை வேண்டுமென்றே ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. சீட்டில் ஒரு கூட்டல் பிழை இருக்கிறது. அந்தப் பிழையை நம்பி மோட்டார் வாங்கப்பட்டிருக்கிறது. நடந்தது அவ்வளவுதான்.

சீட்டை மேலிருந்து வாசிப்போம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருப்பவை பெரும்பாலும் நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகள். இவற்றின் உடலுக்குள் தண்ணீர் ஊறி நிற்பதற்கு இடம் கிடையாது. நமக்குக் கிடைக்கும் தண்ணீர் இரண்டே இடங்களில் இருக்கிறது: ஒன்று, பாறை மக்கி முரம்பாகிப் போன மேல்பகுதி, மற்றொன்று, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் ஆங்காங்கே ஓடும் வெடிப்புகள். நம் ஊர் வண்டிக்காரர்கள் ‘கேப்’ என்று சொல்வது இந்த வெடிப்பைத்தான். நம் முன்னோர் வெட்டிய நாற்பது, ஐம்பது அடிக் கிணறுகள் முரம்புத் தண்ணீரை நம்பியவை. இன்றைய போர்கள் வெடிப்புத் தண்ணீரை நம்பியவை. உங்கள் சீட்டில் “12–50 முரம்பு” என்ற வரி முதல் வகைத் தண்ணீரின் இடத்தையும், 310, 545 என்ற வரிகள் இரண்டாம் வகைத் தண்ணீரின் இடத்தையும் காட்டுகின்றன.

“6½” என்பது துளையின் விட்டம், இன்ச் கணக்கில். ஓட்ட ஓட்ட, பாறையைக் குடையும் முனையான பிட் தேயும் என்பதால் அடியில் துளை ஓரிழை குறுகலாக இருக்கும். அது பெரிய விஷயமில்லை. “720 முடிவு” என்பதை நீங்கள் அங்கேயே நின்று சரிபார்த்திருக்க முடியும்: வண்டியில் இருக்கும் துளையிடும் ராடு ஒவ்வொன்றும் பொதுவாக 20 அடி, ஆகவே 720 அடிக்கு 36 ராடு இறங்கியிருக்க வேண்டும். அடுத்த முறை யாராவது போர் போடும்போது வீட்டுப் பிள்ளை ஒருவனை ஒரு நோட்டோடு உட்கார வைத்து, ஒவ்வொரு ராடு இறங்கும்போதும் மணியையும், மேலே வரும் பாறை மாவின் நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு ராடு இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் திடீரென்று குறைந்தால் பாறை அங்கே இளகியிருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது என்று பொருள். வண்டிக்காரர் எழுதும் சீட்டைவிட இப்படி எழுதிய நோட்டு எனக்குப் பல மடங்கு உதவும்.

கேசிங், அதாவது மேல்மண் சரியாமல் இருக்கத் துளையில் இறக்கும் குழாய், பற்றிய உங்கள் ஐயத்துக்கு இடமில்லை. 50 அடியில் பாறை தொடங்கியது என்றாலும், அந்தப் பாறையின் தலைப்பகுதி சில அடிகளுக்காவது விரிசல் விட்டுத்தான் இருக்கும். குழாயின் அடிப்பகுதி கெட்டிப் பாறையில் நன்றாக உட்காராவிட்டால், முரம்பும் மண்ணும் அந்த இடைவெளி வழியே சரிந்து உள்ளே விழுந்து, நாளடைவில் மோட்டாரையே புதைத்துவிடும். குழாய் தரைக்கு மேலே ஓரிரண்டு அடி நீட்டிக்கொண்டிருப்பதும் அந்த 58இல் சேர்த்திதான். ஆறு அடிச் செலவை மிச்சம் பிடிக்கப்போய் முழுப் போரையும் மண்ணுக்குக் கொடுத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

“185 ஈரம்” என்பதைத் தண்ணீர் என்று எண்ணிவிட வேண்டாம். அதுவரை பறந்துகொண்டிருந்த மாவு அந்த ஆழத்தில் நனைந்து அடங்கியது என்பதே அதன் பொருள். அது ஒரு கசிவு, அவ்வளவே.

இனி அந்த ‘இன்ச்’. நம் பக்கத்தில் ‘ஒரு இன்ச் தண்ணி’, ‘ரெண்டு இன்ச் தண்ணி’ என்று பேசுவோர் இரண்டு வெவ்வேறு பொருளில் பேசுகிறார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அது இரண்டு இன்ச் குழாய் நிறைய வரும் தண்ணீர். வண்டிக்காரருக்கு அது வி-நாட்ச் தகரத்தின் வெட்டில், கீழ் முனையிலிருந்து தண்ணீர் ஏறி நிற்கும் உயரம். உங்கள் போரில் தகரம் வைத்து அளந்ததை நீங்களே பார்த்ததால், இங்கே பேசப்படுவது உயரம் என்பதில் ஐயமில்லை.

இந்த உயரத்தில்தான் பெரிய பொறி இருக்கிறது. வெட்டின் வடிவம் கீழே குறுகி மேலே விரிவதால், தண்ணீர் ஏற ஏற அது வழிந்தோடும் வாயும் அகலமாகிறது. மேலும் உயரம் கூடக் கூட ஓட்டத்தின் வேகமும் கூடுகிறது. இரண்டும் சேர்வதால், உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீரின் அளவு இரண்டு மடங்காவதில்லை. ஐந்தரை மடங்குக்கும் மேலாகிறது. 90 பாகை கோணத்தில் வெட்டிய தகரத்துக்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால், அரை இன்ச் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.5 லிட்டர், ஒரு இன்ச் என்பது 8.5 லிட்டர், ஒன்றரை இன்ச் என்பது 23.5 லிட்டர், இரண்டு இன்ச் என்பது 48 லிட்டர், மூன்று இன்ச் என்பது 132 லிட்டருக்கும் மேல். ஒரு இன்ச்சுக்கும் இரண்டு இன்ச்சுக்கும் இடையில் இருப்பது ஓர் இன்ச் வித்தியாசம் அல்ல, நிமிடத்துக்கு நாற்பது லிட்டர் வித்தியாசம்.

இப்போது உங்கள் சீட்டைப் பாருங்கள். 310இல் அரை, 545இல் ஒன்றரை, கடைசியில் இரண்டு. வண்டிக்காரர் இரண்டு கேப்புகளின் இன்ச்சையும் கூட்டி எழுதியிருக்கிறார் என்பது தெளிவு. இன்ச்சைக் கூட்டக் கூடாது. லிட்டரைத்தான் கூட்ட வேண்டும். 1.5 லிட்டரோடு 23.5 லிட்டரைக் கூட்டினால் 25 லிட்டர். சீட்டில் எழுதிய ‘2 இன்ச்’ குறிப்பது 48 லிட்டர். ஆக, ஒரு பேனாக் கூட்டலில் உங்கள் போரின் தண்ணீர் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. இதைக்கூட உங்களுக்குச் சாதகமாகத்தான் வாசித்திருக்கிறேன். 545இல் அளந்த ஒன்றரை இன்ச்சில் மேலிருந்து வந்த அரை இன்ச்சுத் தண்ணீரும் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால், அந்த 1.5 லிட்டரைத் தனியாகக் கூட்டுவதற்கே நியாயம் குறைவு. அது எப்படியிருந்தாலும் 25 லிட்டருக்கு மேல் போகாது.

இந்த 25ஐ நான் தகர வாய்பாட்டை மட்டும் நம்பிச் சொல்லவில்லை. உங்கள் தொட்டியே அதற்குச் சாட்சி சொல்கிறது. ஆயிரம் லிட்டர் தொட்டி பத்து நிமிடத்தில் நிரம்புகிறது என்றால் மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் இறைக்கிறது. நான்கு தொட்டிக்கு நாற்பது நிமிடம், பின்பு இரண்டு மணி நேர ஓய்வு. அதாவது 160 நிமிடத்தில் 4,000 லிட்டர் எடுக்கிறீர்கள். அடுத்த சுற்றிலும் அதே அளவு கிடைப்பதால், அந்த 160 நிமிடத்தில் பாறை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்ததும் 4,000 லிட்டர்தான். வகுத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 25 லிட்டர்.

அப்படியானால் முதல் நாற்பது நிமிடம் ஏன் அவ்வளவு வேகமாக வருகிறது? அது துளைக்குள் தேங்கி நின்ற தண்ணீர். ஆறரை இன்ச் துளையில் ஓர் அடி உயரத் தண்ணீர் ஏறத்தாழ 6.5 லிட்டர். 150 அடியில் நிற்கும் தண்ணீர் 600 அடியிலிருக்கும் மோட்டார் வரை 450 அடித் தூண். அதில் 2,900 லிட்டர் அளவுக்கு இருக்கும். இறைக்கும் நாற்பது நிமிடத்தில் கேப்புகளிலிருந்து ஊறுவது ஆயிரம் லிட்டர். இரண்டையும் கூட்டினால் உங்கள் நான்கு தொட்டி. உங்கள் போர் ஒரு நீண்ட, ஒல்லியான தொட்டி. அதை நிரப்பும் குழாய் நிமிடத்துக்கு 25 லிட்டர் குழாய். நிரப்புவதைப் போல் நான்கு மடங்கு வேகத்தில் காலி செய்யும் மோட்டாரை அதில் போட்டிருக்கிறீர்கள். காற்று வந்தது மோட்டாரின் குற்றமும் அல்ல, போரின் குற்றமும் அல்ல.

வண்டிக்காரர்கள் எழுதிக் கொடுக்கும் எந்த அளவையும் நான் சற்றுக் குறைத்தே எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்ப்ரசர் காற்று துளைக்குள் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து வெளியே தள்ளுகிறது. ஃப்ளஷிங், அதாவது காற்றடித்துத் துளையைக் கழுவுவது, தொடங்கிய முதல் பத்து நிமிடத்தில் தகரத்தில் காணும் உயரமும், ஒரு மணி நேரத்தின் முடிவில் காணும் உயரமும் ஒன்றாக இருப்பதில்லை. கேட்டு வாங்க வேண்டியது கடைசி அளவைத்தான். உங்களுடையது கார்த்திகையில், மழை முடிந்த நிலையில் எடுத்த அளவு என்பதையும் சீட்டின் ஓரத்தில் எழுதி வையுங்கள். மேலே முரம்பு நிறையத் தண்ணீர் நிற்கும் மாதத்தில் கேப்புக்கு இருக்கும் அழுத்தம் சித்திரையில் இருக்காது.

நிலத்தடி நீர் பார்த்தவரிடம் நீங்கள் கோபித்துக்கொண்டிருந்தால், ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் எழுதிய 90–100, 160–170 என்பவை மீட்டர். ஒரு மீட்டர் 3.28 அடி. கணக்குப் போட்டால் 295 முதல் 328 அடி வரை ஒன்று, 525 முதல் 558 அடி வரை ஒன்று. உங்கள் கேப்புகள் வந்த 310உம் 545உம் இரண்டிலும் உள்ளே விழுகின்றன. நீங்கள் அடியாக நினைத்து 90இலும் 160இலும் தண்ணீர் தேடியிருக்கிறீர்கள். ஆனால் அவரைப் புகழ்வதிலும் எனக்கு ஓர் எல்லை உண்டு. தரையில் மின்கம்பிகளை நட்டு மண்ணின் மின்தடையை அளக்கும் இந்த முறை, முரம்பு எவ்வளவு ஆழம், கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை நன்றாகவே காட்டும். ஐநூறு அடிக்குக் கீழே ஒரு மெல்லிய வெடிப்பு இருக்கிறதா என்பதை அவ்வளவு துல்லியமாகக் காட்டாது. இரண்டாவது ஊகம் பலித்ததில் அவருடைய அனுபவத்துக்கும் பங்குண்டு, அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு. வேப்பங்குச்சியும் தேங்காயும் வைத்துப் பார்ப்பவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவற்றை நம்பி ஒரு ராடுகூட இறக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

அடுத்து, சீறிய காற்று. அது எரிவாயு அல்ல. வண்டியின் கம்ப்ரசர் துளைக்குள் மிகுந்த அழுத்தத்தோடு காற்றைச் செலுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் காற்றுதான் துளையின் அடியில் பாறையை உடைக்கும் சுத்தியலை இயக்குகிறது, அந்தக் காற்றுதான் மாவை மேலே தூக்கி வருகிறது. 545இல் வெடிப்பைத் தொட்டவுடன் காற்றில் ஒரு பகுதி அந்த வெடிப்பு வழியே பக்கவாட்டில் ஓடி, அதே வெடிப்பைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கத்துப் போர் வழியாக மேலே கிளம்பியிருக்கிறது. வண்டியை நிறுத்தியதும் அதுவும் அடங்கியது என்று நீங்களே எழுதியிருப்பது இதற்குப் போதுமான சான்று. எரிவாயு உருவாவதற்குப் பழங்காலத்து உயிர்ப்பொருள்கள் சேற்றோடு படிந்து, அடுக்கடுக்காகப் புதைந்து, நீண்ட காலம் வெந்திருக்க வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை அடங்கிய காவிரிப் படுகையில் அப்படிப்பட்ட படிவுப் பாறைகள் ஆயிரக்கணக்கான மீட்டர் கனத்துக்கு இருக்கின்றன, அதனால்தான் ஓ.என்.ஜி.சி. அங்கே கிணறு தோண்டியது. நம் காலடியில் இருக்கும் நைஸும் சார்னோகைட்டும் பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தில் உருவானவை. அவற்றில் எரிவாயுத் தேக்கத்தைத் தேடுவது வீண்.

ஒரு பேச்சுக்கு இருந்தாலும் அது உங்களுக்கு வருமானம் தரப்போவதில்லை. இந்தியாவில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் உரிமத்தை அரசுதான் கொடுக்கிறது. நிலத்துக்காரருக்குக் கிடைப்பது மேல்நிலத்தைப் பயன்படுத்துவதற்கான இழப்பீடு மட்டுமே. டெல்டாவிலும் 2020இல் இயற்றப்பட்ட பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு அம்மண்டலத்துக்குள் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு இடமில்லை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே நிலத்தடிக் கனிம உரிமையும் நிலத்துக்காரரிடமே இருக்குமானால், எடுக்கும் எரிவாயுவில் அவருக்கு ராயல்டி உண்டு. ஆகவே பென்சில்வேனியாவிலும் டெக்சாசிலும் இருக்கும் விவசாயிகள் நிறுவனங்கள் தரும் கிணற்று அறிக்கையை உட்கார்ந்து படித்துப் பழகியிருக்கிறார்கள். அவர்கள் தடுமாறும் இடங்களும் நீங்கள் தடுமாறிய இடங்களும் ஒன்றாக இருப்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றும். அவர்களுடைய அறிக்கையில் ஆழத்தைத் தரையிலிருந்து அளப்பதில்லை, துளையிடும் கோபுரத்தின் மேடையிலிருந்து அளப்பார்கள். உங்கள் கேசிங் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்ததைப் போல, அங்கேயும் சில அடிகள் காற்றிலேயே கணக்காகிவிடும். கிணறு சாய்வாகப் போகுமானால் துளையின் நீளம் ஒன்று, நேர்க்குத்தான ஆழம் வேறொன்று என இரண்டு எண்கள் இருக்கும். ‘எம்.சி.எஃப்.’ என்ற அளவில் வரும் ‘எம்’ என்பதை மில்லியன் என்று வாசித்து மகிழ்ந்துபோவோர் உண்டு. அது ரோமானிய எண்ணில் ஆயிரத்தைக் குறிக்கும் எழுத்து, ஆகவே ஆயிரம் கன அடி மட்டுமே. மில்லியன் என்றால் இரண்டு ‘எம்’ போடுவார்கள். முதல் நாள் சோதனையில் வெளிப்படும் எரிவாயு அளவும், உங்கள் முதல் நாற்பது நிமிடத் தண்ணீரைப் போல, ஓராண்டு கழித்து இருப்பதைவிடப் பெரியதாகவே இருக்கும்.

காற்றுக்குத் திரும்புவோம். அது எரிவாயு இல்லை என்று சொன்னதோடு விட்டுவிடக் கூடிய செய்தி அல்ல அது. உங்கள் போரும் பக்கத்துத் தோட்டத்துப் போரும் ஒரே வெடிப்பில் வாய் வைத்திருக்கின்றன என்பதை அந்தக் காற்று எவ்விதச் சோதனையும் இல்லாமல் காட்டிக் கொடுத்துவிட்டது. அந்த 25 லிட்டர் உங்களுக்கு மட்டுமானது அல்ல. அவர்கள் மோட்டார் ஓடும் நேரத்தில் உங்கள் போரில் ஊற்று குறையலாம், உங்களுடையது ஓடும்போது அவர்களுக்குக் குறையலாம். இதற்காகச் சண்டைக்குப் போக வேண்டாம், அவர்கள் போர் உங்களுடையதற்கு மூத்தது. ஒரு நாள் இருவரும் சேர்ந்து அவர்கள் மோட்டாரை நிறுத்தி வைத்து உங்கள் நான்கு தொட்டிக் கணக்கை எடுங்கள். மறுநாள் அவர்கள் மோட்டார் ஓடும்போது எடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் நேரம் பிரித்து ஓட்டிக்கொள்வது இருவர் மோட்டாருக்கும் நல்லது. அதனால் வெடிப்பில் தண்ணீர் பெருகிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்று இழுத்து மோட்டார் கெடுவது குறையும்.

ஆயிரம் அடி யோசனையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். உங்கள் சீட்டில் 545க்குப் பிறகு ஒரு குறிப்பும் இல்லை. அதாவது 175 அடி கெட்டிப் பாறையில் ஒரு வெடிப்பும் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். கடினப் பாறையில் ஆழம் போகப் போக வெடிப்புகள் அரிதாகும் என்பதே பொதுவான நிலை. விதிவிலக்குகள் உண்டு, எங்கோ ஒருவருக்கு 950 அடியில் தண்ணீர் கொட்டிய கதையை உங்கள் உறவினர்கள் சொல்லியிருப்பார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே ஆழத்தில் வெறும் மாவு மட்டும் பார்த்தவர்கள் கதை சொல்ல வருவதில்லை. வண்டிக் கூலியோ பெரும்பாலும் முதல் 300 அடிக்கு ஒரு விலை, அதன் பிறகு ஒவ்வொரு 100 அடிக்கும் ஏறுவிலை. ஆகவே மீதமுள்ள 280 அடிதான் முழுப் போரிலும் விலை கூடிய அடிகள். போட்ட போரை மீண்டும் ஓட்டுவதற்கு மோட்டாரையும் குழாயையும் மேலே எடுக்க வேண்டும். சரிவு ஏற்பட்டால் கையில் இருக்கும் 25 லிட்டரும் போகும்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு மோட்டாரைச் சரிசெய்யுங்கள். நிமிடத்துக்கு 20 முதல் 25 லிட்டர் வரை மட்டும் தந்து, 600 அடி உயரம் தூக்கக்கூடிய, ஸ்டேஜ் (தண்ணீரைப் படிப்படியாக மேலே தள்ளும் அடுக்குகள்) அதிகமான பம்ப் உங்களுக்குப் போதும். கடைக்காரரிடம் ‘ரெண்டு இன்ச் தண்ணி’ என்று சொல்லாதீர்கள். “150 அடியில் நீர்மட்டம், நிமிடத்துக்கு 25 லிட்டர் ஊற்று” என்று சொல்லுங்கள். உடனே மாற்ற முடியாவிட்டால், இருக்கும் மோட்டாரின் கேட் வால்வைச் சற்று மூடி ஓட்டலாம், ஆனால் அந்தப் பம்ப் எவ்வளவு குறைந்த ஓட்டம் வரை தாங்கும் என்று அதன் அட்டவணையைப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். தண்ணீர் அறுந்தவுடன் தானாக நிறுத்தும் கருவியையும் பொருத்திவிடுங்கள். இன்னொன்று, மோட்டார் இப்போது 545 கேப்புக்குக் கீழே இருக்கிறது. மேலிருந்து விழும் தண்ணீர் பம்ப்பின் வாய்க்குப் போய்விடுகிறதே தவிர, அதற்கும் கீழே தொங்கும் மோட்டாரைச் சுற்றி ஓடிக் குளிர்விப்பதில்லை. 520 அடி அளவுக்குத் தூக்கி வைத்தால் நீங்கள் இழப்பது 80 அடித் தேக்கம், சுமார் 520 லிட்டர். பதிலுக்கு மோட்டார் சூடேறி எரியாமல் இருக்கும்.

இந்தத் தண்ணீரை வைத்து என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். ஒரு நாளில் ஐந்து சுற்று ஓட்டினால் 20,000 லிட்டர். அது ஓர் ஏக்கரில் 5 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். சொட்டுநீர் போட்டால் ஓர் ஏக்கர் தக்காளிக்கோ மல்பெரிக்கோ அது தாராளம். இரண்டரை ஏக்கரையும் வாய்க்கால் பாசனத்தில் நனைக்க அது ஆகாது.

குடிக்கப் பயன்படுத்துவதாக இருந்தால் முதலில் ஃப்ளூரைடு சோதனை செய்துவிடுங்கள். நம் மாவட்டப் பாறைகளிலேயே ஃப்ளூரைடு இருக்கிறது. பாறை வெடிப்பில் நெடுநாள் தங்கிய தண்ணீரில் அது கரைந்து சேர்கிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை படிந்த பிள்ளைகளை நம் ஊர்களில் பார்த்திருப்பீர்கள். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதுவே முக்கியக் காரணம். கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் வருகிற வீட்டில், தெளிவாக இருக்கிறது என்பதற்காகப் போர்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

புதிதாக ஒரு போர் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நிலத்தில் கைவிட்ட பழைய துளை ஏதாவது இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இருந்தால், கல்லோ சாக்கோ போட்டு மூடி வைப்பது போதாது. பயன்படுத்தாத துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கல், துளையிட்ட மாவு ஆகியவற்றால் நிரப்ப வேண்டும் என்றும், பயன்பாட்டில் உள்ளதன் வாயை இரும்புத் தகட்டால் பற்றவைத்தோ உறுதியான மூடியாலோ மூட வேண்டும் என்றும் 2010இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில், கைவிட்ட துளையில் விழுந்த குழந்தை சுஜித்தை மீட்க நடந்த போராட்டத்தை நாம் எல்லோரும் நாள்கணக்கில் தொலைக்காட்சியில் பார்த்தோம். இதை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

கடைசியாக ஒரு வேலை. அந்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பட்டாவோடு சேர்த்து வையுங்கள். அதன் காலியிடத்தில் “தை மாதம்: நான்கு தொட்டி, 40 நிமிடம், ஓய்வு 2 மணி” என்று எழுதுங்கள். சித்திரையில் ஒரு நாள் காலை, இரவெல்லாம் மோட்டாரை நிறுத்தி வைத்த பிறகு, மறுபடியும் தொட்டியை வைத்து எண்ணி, எத்தனை தொட்டி, எத்தனை நிமிடம், மீண்டும் நிறைய எத்தனை மணி என்பதை அதற்குக் கீழே எழுதி எனக்கு அனுப்புங்கள். ஆழப்படுத்துவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோம்.